அரை உழவு மழையும் ஒரு மூட்டை யூரியாவும்

பட்டுப்புடவையின் கொசுவத்தை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சோளப் பயிருக்கு நடுவே குந்தியிருந்தேன். மற்றக் கையின் ஆள்காட்டி விரலைச் செம்மண்ணுக்குள் விட்டேன். முதல் கணு வரை குளிர்ச்சி. இரண்டாவது கணுவும் ஈரத்துக்குள் போனது. அதற்குக் கீழே மண் மாவு போலக் காய்ந்து, லேசான சூட்டோடு இருந்தது.

நம்பிக்கை வராமல் நாலடி தள்ளி இன்னொரு முறை விட்டுப் பார்த்தேன். அங்கேயும் இரண்டு கணுதான்.

மணி காலை எட்டு. ஒன்பது மணிக்கு மேல் என் மகள் யாழினிக்குக் காது குத்து. வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. பாட்டு செட் அலறிக்கொண்டிருந்தது. மல்லசமுத்திரம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வண்டியை நிறுத்திவிட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

"அம்மிணி! ஆசாரி வந்துட்டாரு. மஞ்சத்தண்ணி கேக்கறாரு. எங்க போயிட்ட?"

பந்தலிலிருந்து அத்தையின் குரல். அத்தை என்று நான் சொல்வது என் மாமியார் பாவாயி அம்மாளை.

"இதா வாரனுங்க அத்தை!"

விரலைப் புடவையில் துடைக்கப் போய், பட்டு என்பது நினைவுக்கு வந்து, சோளத் தோகையில் துடைத்தேன். தோகை முழுக்க விடிகாலை மழையின் துளிகள். தட்டிவிட்டதும் முழங்கை வரை நனைந்தது.

தோகையில் ஈரம், மண்ணில் இரண்டு கணு ஈரம். அன்று என் தலைக்குள் இருந்தது இந்த இரண்டும்தான். பெற்ற பிள்ளைக்குக் காது குத்துகிற நாளில் இப்படி ஒரு நினைப்பா என்று என்னையே திட்டிக்கொண்டு பந்தலுக்கு ஓடினேன்.

எருமைகளுக்கான காடு

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் பள்ளிபாளையத்தில் வளர்ந்தவள். எங்கள் தெருவில் தறிச் சத்தம் நின்றால்தான் குழந்தைகள் விழித்து அழும். கல்லூரியில் வேதியியல் படித்தேன். யூரியாவின் மூலக்கூறு அமைப்பைப் பரீட்சையில் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். யூரியா மூட்டையைக் கையால் தொட்டது கல்யாணத்துக்குப் பிறகுதான்.

என் கணவர் சரவணன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஆபரேட்டர். வருஷத்தில் எட்டு ஒன்பது மாதம் மத்தியப் பிரதேசத்தில் ஊர் ஊராகப் போர் போட்டுக்கொண்டிருப்பார். இவ்வளவு போர் போடுகிறவரின் வீட்டுப் போரில் குடிக்கவும், மாடுகளுக்குக் காட்டவும், துணி துவைக்கவும் மட்டும்தான் தண்ணீர் வரும். இதை வைத்து எங்கள் சொந்தத்தில் அவரைக் கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது.

அதனால் வீட்டை ஒட்டிய மூன்று ஏக்கர் காடும் மானாவாரி. எங்கள் பக்கம் நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். ஆடியில் மழை பெய்தால் சோளம் விதைப்போம். எங்களுக்குச் சோளத்தைவிட, கதிர் அறுத்த பின் காய்கிற தண்டான தட்டுதான் முக்கியம். அத்தைக்கு இரண்டு எருமைகள் உண்டு. அந்த இரண்டுக்கும் வருஷம் முழுக்க அந்தத் தட்டுதான் தீனி.

அந்த வருஷம் பழைய தட்டுப் போர் இடுப்பு உயரத்துக்குக் கரைந்திருந்தது. புதிய பயிரோ முழங்காலைத் தாண்டியதும் நின்றுவிட்டது. அடித்தோகைகள் வெளிறி மஞ்சளாகிக்கொண்டு வந்தன. மூன்று வாரமாக மழை இல்லை.

"இந்த வெள்ளாமையும் போச்சுன்னா ரெண்டையும் சந்தைக்குத்தான் புடிச்சுட்டுப் போகோணும்" என்று அத்தை ஒருநாள் சொன்னார். அன்று சாயங்காலம் பால் கறக்கும்போது எருமையிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

காற்றில் போன மூட்டை

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

காது குத்துக்கு இரண்டு வாரம் முன்னால், அத்தை அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். என் போனில் மேகப் படம் போட்டு, மறுநாள் மழை என்று காட்டியது. மழைக்கு முன்னால் போட்டுவிட்டால் மழையே உரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். குழந்தையை மரத்தடித் தூளியில் தூங்கவைத்துவிட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஓடி வந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே, ஒரு மூட்டை யூரியாவைக் காய்ந்த மண்ணின் மேல் வீசினேன்.

மழை வரவில்லை. மறுநாள் காலைப் பனியில் லேசாக நனைந்த யூரியா, வெயில் ஏறியதும் தன் வேலையைக் காட்டியது. காடு முழுக்க ஒரு வாடை. குழந்தையின் ஈரத்துணியை மறந்துபோய் மூலையில் போட்டு வைத்தால் வருமே, அதே வாடை.

அம்மோனியா. பயிருக்குப் போக வேண்டிய சத்து என் மூக்குக்கு வந்துகொண்டிருந்தது. அது ஏன் அப்படி ஆகிறது என்பதைச் சமன்பாட்டோடு எழுத எனக்குத் தெரியும். எழுதத் தெரிந்தவள்தான் போய்க் காய்ந்த மண்ணில் வீசினாள்.

அத்தை திரும்பி வந்தார். மூட்டை எங்கே என்று கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வாரமே இன்னொரு மூட்டை வாங்கி வந்து மாட்டுக்கொட்டகையில் வைத்தேன்.

கோதுமைக்காரர்களின் யோசனை

இதைக் கணவரிடம் மட்டும் போனில் சொன்னேன். அவர் திட்டவில்லை. கோதுமையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அவர் இருக்கும் பக்கம் பாசனம் இல்லாத ஊர்களில்கூடக் கோதுமை விதைக்கிறார்கள். மழைக்காலம் ஓய்ந்த பிறகு, மண்ணுக்குள் தங்கியிருக்கும் ஈரத்தை மட்டும் நம்பி. முந்தின கார்த்திகையில் ரிக் நின்ற காட்டுக்குப் பக்கத்துக் காட்டில் அதைப் பார்த்து, எனக்கு வீடியோகூட அனுப்பியிருந்தார்.

"அவங்க மேல எறியறதே இல்ல. வெதைக்கறப்பவே, வெதைக்குக் கொஞ்சம் கீழ, கொஞ்சம் தள்ளி, ஈரத்துக்குள்ள உரத்த எறக்கிடறாங்க. பொறகு மழ வந்தாலும் சரி, வராட்டியும் சரி. வேரு போயித் தேடிக்கும்."

"வெதையும் உரமும் ஒட்டிக்கிட்டா?"

"மொளைப்பு கருகிப் போயிரும். அதுக்குத்தான் தள்ளிப் போடறாங்க. நீ படிச்சவதான?"

இந்தக் கடைசிக் கேள்வியை எங்கள் வீட்டில் எல்லோரும் என்னிடம் கேட்பார்கள்.

அந்த வீடியோவை நம்பி, ஆடியில் விதைப்பின்போதே இந்த யோசனையை நான் டிராக்டர்காரரிடம் சொல்லித்தான் பார்த்தேன். அவர் வண்டியில் அதற்கான பெட்டி இல்லை. "கோதுமைக்கு வேண்ணா வடக்க இருந்து வண்டி வரச்சொல்லுங்க அம்மிணி" என்று சிரித்துவிட்டு, வழக்கம்போல வீசின சோளத்தை உழுது மூடிவிட்டுப் போனார். கொஞ்சம் அடியுரம் போட்டதோடு சரி. பாக்கியை மழை பார்த்துத்தான் மேலே போட வேண்டும்.

அந்த மழைதான் காது குத்து அன்று விடிகாலையில் வந்தது. எங்கள் பக்கத்தில் அரை உழவு மழை என்பார்கள். மண் நனையும், ஏர் ஓட்டப் பற்றாது.

மழை நின்றதும், மற்றவர்கள் தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது, நான் கொட்டகைக்குள் போய் மூட்டையைப் பிரித்து வேப்பம் புண்ணாக்குத் தூளோடு யூரியாவைக் கலந்து வைத்தேன். புண்ணாக்கு சேர்ந்தால் உரம் ஒரேயடியாக வீணாகாமல் மெல்ல மெல்லப் பயிருக்குக் கிடைக்கும். எதற்கும் இருக்கட்டும் என்றுதான் கலந்தேன். அன்றே போடுவேன் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

மாமன் மடியில்

என் அண்ணன் செந்தில் பள்ளிபாளையத்தில் தறி மெக்கானிக். தாய்மாமன் என்பதால் யாழினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிள்ளையைவிட அவன் முகம்தான் அதிகம் வெளுத்திருந்தது.

அவள் அப்பா வரவில்லை. வருகிற ஏற்பாடுதான். அங்கே மழை பிடித்து, ரிக் வண்டி கரிசல் சேற்றில் அச்சு வரை இறங்கிவிட்டது. வண்டியை வெளியே எடுக்காமல் கிளம்ப முடியாது. வீடியோ காலில் சேறு பூசிய முகத்தோடு தெரிந்தார்.

"இங்க பெய்யறதுல பாதிய அங்க அனுப்பலாம்னு பாத்தா, வண்டி சேத்துல கெடக்குதே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆசாரி ஊசியை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஊசி சுத்தமா என்று காலையிலிருந்து நாலு முறை கேட்டிருந்தேன். ஐந்தாவது முறை கேட்க வாய் திறப்பதற்குள் யாழினி வீறிட்டாள். மறு காதும் முடிந்தது. மாமனின் வேட்டியை நனைத்தாள். என்னிடம் தாவி வந்து, தோளில் மூக்கைத் தேய்த்து, ஐந்தே நிமிஷத்தில் அழுகையை மறந்து பலூனைப் பார்க்கப் போய்விட்டாள்.

நான்தான் மறக்கவில்லை. வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. காற்றும் கிளம்பிவிட்டது. பத்தரை மணிக்குப் பந்தல் ஓரத்திலிருந்து பார்த்தபோது சோளத் தோகைகள் காய்ந்து சரசரத்தன.

தோகை நனைந்திருக்கும்போது போட்டால் யூரியா குருத்தில் ஒட்டிக்கொண்டு பொசுக்கிவிடும். தோகை காய வேண்டும், மண் காயக் கூடாது. அந்த நேரம் இதுதான். சாயங்காலத்துக்குள் செம்மண்ணின் இரண்டு கணு ஈரமும் போய்விடும். அடுத்த மழை எப்போதோ. ஆள் கூப்பிடவும் வழியில்லை. அரை உழவு மழை எல்லோர் காட்டிலும் பெய்திருந்தது. வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் விடிந்ததும் வேறு காடுகளுக்குப் போய்விட்டார்கள்.

விருந்துக்கு வந்தவர்களை விட்டுவிட்டு வீட்டுக்காரி காட்டுக்குப் போவதா? போகாவிட்டால் எருமைகள்? காபி தம்ளர்களைக் கழுவிக்கொண்டே பத்து முறை போவதென்றும் பத்து முறை வேண்டாமென்றும் முடிவு செய்தேன். பிறகு குழந்தையை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கலந்து வைத்ததில் ஓர் அலுமினியப் போசி நிறைய அள்ளிக்கொண்டு, யாரும் பார்க்காதபடி கொட்டகைக்குப் பின்பக்கமாக இறங்கினேன். ஒரு கால் ஏக்கராவது தேறட்டும்.

"கோலம் போடறயா?"

யாரும் பார்க்காதபடி என்று நான் நினைத்தேன். அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவை பச்சைச் சோளத்துக்கு நடுவில் எப்படித் தெரியும் என்பதை யோசிக்கவில்லை.

"என்ன பாவாயி, உன்ற மருமக காது குத்து அன்னைக்குக் காட்டுக்குள்ள என்ன பண்றா?" அயோத்தியாப்பட்டணத்துப் பெரியத்தையின் குரல். அத்தையின் அக்கா அவர். குரலுக்கு மைக் தேவையில்லை.

நான் நிமிரவில்லை. ஒவ்வொரு பயிருக்கும் மூன்று விரலால் ஒரு சிட்டிகை எடுத்து, தண்டில் படாமல், தோகையில் படாமல், குனிந்து வைத்துக்கொண்டே போனேன். போன மூட்டையின் பயம் கையில் இருந்தது.

அத்தை வேகமாக வரப்பில் வந்து நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது. குனிந்து மண்ணை நிமிண்டிப் பார்த்தார். ஒரு பிடி எடுத்து அழுத்தினார். விரித்த கையில் மண் உருண்டையாக நின்றது.

"காலைல எந்திரிச்சதுமே ஏஞ் சொல்லுல?"

"வந்தவங்கள உட்டுப்போட்டு எப்பிடிங்க அத்தை..."

"போன மூட்டையப் போட்டப்பவும் சொல்லுல."

நான் போசியோடு நிமிர்ந்தேன்.

"எனக்கு மூக்கு இல்லையா? நாலு நாளு நாறுச்சு. புதுசா வந்த புள்ள, தானாச் சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். நான் அழத் தயாரானேன். அவர் அதற்கு நேரம் கொடுக்கவில்லை. "அழுவறத பொறகு பாத்துக்கலாம். சீக்கிரம் போடு, ஈரங் காயுது."

அதற்குள் வரப்பில் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். எல்லோரும் காட்டுக்காரர்கள். அவர்கள் உதவி செய்ய வந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மையில் நான் போடுகிற லட்சணத்தைப் பார்த்துக்கொண்டு அவர்களால் சும்மா நிற்க முடியவில்லை.

"என்ன அம்மிணி, கோலம் போடறயா?"

"பச்சப் புள்ளைக்குப் பொட்டு வெக்கறாப்ல வெக்கறா பாரு!"

"இந்த வேகத்துல போட்டா புள்ள கல்யாணத்துக்குத்தான் முடியும்."

பெரியத்தை அதற்கு மேல் பொறுக்கவில்லை. கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, என் கையிலிருந்த போசியைப் பிடுங்கினார். "இப்பிடிப் பாரு. கைய ஊசலாட்டம் உடு. காலு ஒண்ணு வெச்சா கை ஒண்ணு போகோணும்." சரசரவென்று முப்பது அடி போய்விட்டார். பின்னாலேயே அத்தை, பயிர் ஓரத்து மண்ணைக் காலால் தள்ளி உரத்தை மூடிக்கொண்டு போனார். மெட்டி அணிந்த விரல்கள் மண்ணைக் கிளறிக் கிளறி மூடின.

பிறகு எல்லாம் தானாக நடந்தது. கொட்டகையிலிருந்து மூட்டை வந்தது. பந்தலிலிருந்த வாளி, தாம்பாளம் எல்லாம் வந்தன. பாயசத்துக்கு வைத்திருந்த புதுக் குண்டான்வரை வரப் பார்த்தது. குண்டானை மட்டும் நான் ஓடிப்போய்ப் பிடுங்கி வைத்தேன். ஆளுக்கொரு பட்டை பிரித்துக்கொண்டார்கள். ஆண்கள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீச, பெண்கள் காலால் மூடினார்கள். பாட்டு செட்காரர் தானாகவே நல்ல துள்ளல் பாட்டாகப் போட்டார்.

என் அண்ணன் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது எந்தப் பக்கம் வீசோணும்?" என்று கேட்டான்.

"ஏனுங்க மாமங்காரரே, தறிக்கு எண்ணெ உடறாப்ல உடுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

பன்னிரண்டு மணிக்கு மூன்று ஏக்கரும் முடிந்தது. எனக்கு அடுத்த கவலை தொடங்கியது. மைக்கை வாங்கி, "எல்லாரும் சோப்புப் போட்டுக் கைகழுவிட்டுத்தான் பந்திக்கு வரோணுங்க" என்று மூன்று முறை சொன்னேன். அதோடு விடாமல் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் சோப்போடு நின்று, ஒவ்வொருவர் கையாகப் பார்த்து அனுப்பினேன்.

"சாப்புட வந்தமா, பரீட்ச எழுத வந்தமா?" என்றார் பெரியத்தை. ஆனாலும் இரண்டு முறை கழுவினார். வேப்பம் புண்ணாக்கு வாசனை போகவில்லை என்று பாயசத்தை ஸ்பூனில் சாப்பிட்டார்.

மாடியிலிருந்து பார்த்தது

அந்த வருஷம் தட்டு தலைக்கு மேலே நின்றது. ஆவணிக் கடைசியில் இன்னும் இரண்டு மழை கிடைத்ததும் ஒரு காரணம். அறுத்த தட்டைப் போராக அடுக்கியபோது உச்சியில் நின்றவருக்கு ஏணி வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். எருமைகள் இரண்டும் சந்தையைப் பார்க்கவில்லை. இன்றும் எங்கள் கொட்டகையில்தான் நிற்கின்றன.

ஆனால் நான் சொல்ல நினைத்தது அறுவடையை அல்ல. காது குத்து முடிந்து பத்தாவது நாள் என் கணவர் வந்து சேர்ந்தார். பையை வைத்ததும் மகளின் காதைப் பார்த்தார். அடுத்து, மாடி ஏறிக் காட்டைப் பார்த்தார். நாங்களும் பின்னால் போனோம்.

மேலிருந்து பார்த்தால் காடு முழுக்கக் கோடு கோடாக, பட்டை போட்ட துண்டை விரித்த மாதிரி இருந்தது. அன்று யார் எப்படி வீசினார்களோ அதை அப்படியே பயிர் காட்டிக்கொண்டிருந்தது.

நடுவில் ஒரே சீராக, கரும்பச்சையாக ஒரு பட்டை. அது பெரியத்தை. அதற்குப் பக்கத்தில் திட்டுத் திட்டாக, ஓரிடம் கறுத்து, அடுத்த பத்தடி வெளிறி, மறுபடி கறுத்து ஒரு பட்டை. அது என் அண்ணன். வெளிறின இடங்களில் அவன் போன் பேசிக்கொண்டிருந்தான். ஒரு மூலையில் வட்டமாக, மிகவும் தடித்த பச்சை. அங்கே வாளி கவிழ்ந்தது. வந்தவர்களின் பெயரெல்லாம் மொய் நோட்டில் இருந்ததைவிடத் தெளிவாகக் காட்டில் இருந்தது. நானும் அவரும் ஒவ்வொரு பட்டையாகக் காட்டிக்காட்டிச் சிரித்தோம்.

கொட்டகை ஓரத்தில் மட்டும் ஒரு பட்டை, ஒல்லியாக, கால் ஏக்கர்கூட இருக்காது, பழைய மஞ்சள் மாறாமல் நின்றது. சிட்டிகை சிட்டிகையாக வைத்த இடம். பயந்து பயந்து போட்டதில் பயிருக்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை.

"அதென்ன, அந்த ஓரத்துல ஒண்ணுமே போடல? அது யாரு?" என்றார் அவர்.

நான் யாழினியின் காதுத் தோட்டைச் சரிசெய்ய ஆரம்பித்தேன். தோடு சரியாகத்தான் இருந்தது.

"அது நாந்தான்" என்றார் அத்தை. "கண்ணு செரியாத் தெரியுல."

அவர் நம்பமாட்டாமல் தன் அம்மாவைப் பார்த்தார். "நாப்பது வருசமா உரம் போடற. உனக்கேவா?"

"வயசாகுதல்ல?"

"இனி உன்னையக் காட்டுக்குள்ள உட்டா வெள்ளாமை வந்தாப்லதான்" என்று சிரித்தார். அதோடு நிற்காமல், மாலையில் என் அண்ணனுக்குப் போன் செய்து, அம்மாவுக்குக் கைப்பக்குவம் போய்விட்டது என்று அதையும் சொல்லிச் சிரித்தார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் தூறல் போட்டது. தூறல் நின்று தோகை காய்ந்ததும், கொட்டகையில் மிச்சமிருந்த கலவையைப் போசியில் அள்ளி என் கையில் கொடுத்து, "அந்த ஓரத்துக்கு" என்று மட்டும் சொன்னார். நான் கொசுவத்தைச் செருகிக்கொண்டு இறங்கினேன். கால் ஒன்று வைத்தால் கை ஒன்று. இந்த முறை முழுக்கை நிறைய அள்ளினேன்.